டெபாசிட் போட்ட காசு திரும்பி வரலன்னா அது வெறும் கடனா, குற்றமா?

கடன் வாங்கினவன் திருப்பித் தரலன்னா அந்த ஒரே காரணத்துக்காக அவன ஜெயில்ல போட முடியாது. கேக்கவே கடுப்பா இருக்கும், ஆனா சட்டம் அப்படித்தான் இருக்கு. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நீங்க 50,000 ரூபா கைமாத்தா குடுத்து, அவர் இன்னிக்கு தர்றேன் நாளைக்கு தர்றேன்னு இழுத்துனே இருந்தா அது சிவில் விவகாரம். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்குப் போய், கேக்கற தொகைக்கு 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ் கட்டி, வக்கீல் வெச்சு, வாய்தா வாய்தாவா அலைஞ்சு வாங்கணும். ஸ்டேஷன்ல போய் நின்னா "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க"ன்னு அனுப்பிடுவாங்க, இந்த மாதிரி கைமாத்து விஷயத்துல அவங்க சொல்றது சரிதான்.

ஆனா அதே 50,000 ரூபாய ஒரு ஃபைனான்ஸ்காரன் "மாசம் இவ்ளோ வட்டி, ஒரு வருஷம் கழிச்சு அசல்"னு சொல்லி ஊர்ல நூறு பேர்கிட்ட வாங்கற மாதிரி உங்ககிட்டயும் வாங்கி, பாண்டு பேப்பர்ல எழுதிக் குடுத்து, சொன்ன தேதிக்குத் தரலன்னா, தமிழ்நாட்டுல அது குற்றம், பத்து வருஷம் வரைக்கும் ஜெயில். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கோடு எங்க இருக்குன்னு தெரியாமத்தான் நம்ம ஆளுங்க பாதிப்பேர் ஸ்டேஷன் வாசல்லயே திரும்பி வந்துடறாங்க. அந்தக் கோட்டத்தான் இங்க எழுதப் போறேன்.

முதல்ல 420. ஏமாத்திட்டான்னா உடனே எல்லார் வாயிலயும் வர்றது இதான், இப்போ 2024 ஜூலை 1லேர்ந்து பழைய ஐபிசி போயி பாரதிய நியாய சன்ஹிதா வந்துட்டதால அது 318(4) ஆயிடுச்சு, ஆனா விஷயம் மாறல. மோசடின்னு நிரூபிக்கணும்னா காசு வாங்கற அந்த நேரத்துலயே ஏமாத்தற எண்ணம் அவன் மனசுல இருந்துச்சுன்னு காட்டணும். வாங்கும்போது நல்ல எண்ணத்தோட வாங்கினான், அப்புறம் தொழில் படுத்துடுச்சு, அதனால தர முடியலன்னா அது மோசடி ஆகாதுன்னு சுப்ரீம் கோர்ட் பல தீர்ப்புல சொல்லியிருக்கு. ஃபைனான்ஸ்காரன் தரப்பு வக்கீல் இதத்தான் பிடிச்சுப்பார். "எங்க கட்சிக்காரர் மூணு வருஷம் ஒழுங்கா வட்டி குடுத்தார் சார், பாஸ்புக்ல என்ட்ரி இருக்கு பாருங்க, ஏமாத்தறவன் எதுக்கு வட்டி குடுக்கறான்?" அப்படீன்னு கேட்டா பதில் சொல்றது கஷ்டம். புதுசா வர்றவங்க காசுலேர்ந்துதான் பழைய ஆளுக்கு வட்டி போச்சுன்னு கணக்குப் புத்தகத்த வெச்சு நிரூபிக்கணும், அந்தப் புத்தகம் இருந்தாத்தானே. நம்பிக்கை மோசடின்னு இன்னொரு பிரிவு இருக்கு, பழைய 406, 409. அதுலயும் ஒப்படைச்ச காச தன் சொந்தத்துக்கு எடுத்துக்கிட்டான்னு காட்ட வேண்டியிருக்கும்.

1990கள்ல இந்தச் சிக்கல்தான் பெருசா வெடிச்சுது. தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ், வருஷத்துக்கு 24 சதவீதம் 36 சதவீதம்னு போர்டு, ரிட்டயர் ஆனவங்க பி.எஃப். பணம், பொண்ணு கல்யாணத்துக்கு வெச்ச பணம் எல்லாம் உள்ள போச்சு, அப்புறம் வரிசையா ஷட்டர் இறங்குச்சு. ஒவ்வொருத்தரும் தனித்தனியா சிவில் கேஸ் போட்டா வர்ற காசவிட செலவு ஜாஸ்தி, 420 போட்டா மனசுல இருந்த எண்ணத்த நிரூபிக்க முடியல, ஆர்பிஐ சட்டத்துல நடவடிக்கை எடுத்தாலும் போட்டவன் கைக்குக் காசு வராது. அதுக்காக தமிழ்நாடு அரசு 1997ல தனியா ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு. முழுப் பேரு நீளமா இருக்கும், தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம்னு சொல்லுவாங்க, கோர்ட்ல எல்லாரும் டிஎன்பிஐடின்னுதான் சொல்றது. மகாராஷ்டிரா, பாண்டிச்சேரியெல்லாம் இதுக்கு அப்புறம்தான் இதே மாதிரி சட்டம் போட்டாங்க.

இதுல உயிர்நாடி 5ஆம் பிரிவு. டெபாசிட் வாங்கற நிறுவனம் டெபாசிட்ட திருப்பித் தரலன்னாலோ, வட்டி தரலன்னாலோ, காசுக்குப் பதிலா தர்றேன்னு சொன்ன பொருளத் தரலன்னாலோ, செய்யறேன்னு சொன்ன சேவைய செய்யலன்னாலோ, அந்த நிறுவனத்த நடத்தற பொறுப்புல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் பத்து வருஷம் வரைக்கும் சிறை, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், நிறுவனத்துக்கும் தனியா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். இந்த வாசகத்துல என்ன இல்லன்னு பாருங்க. ஏமாத்தற எண்ணத்தோடங்கற வார்த்தை இல்ல. தேதி வந்துச்சு, காசு தரல, அவ்ளோதான், குற்றம் முடிஞ்சுது. மூணு வருஷம் வட்டி குடுத்தேன் சார்ங்கறது 420க்கு பதிலா இருக்கலாம், இதுக்கு பதில் ஆகாது. முன்ஜாமீன் குடுக்கக்கூடாதுன்னும் சட்டத்துலயே எழுதி வெச்சிருக்காங்க.

இன்னாப்பா இது, பிசினஸ்ல நஷ்டம் ஆனவனயும் ஜெயில்ல போடறதா, நியாயமான்னு கேக்கலாம். கேள்வி நியாயமான கேள்விதான், கோர்ட்லயும் கேட்டாங்க. மாநில அரசுக்கு இந்த மாதிரி சட்டம் போட அதிகாரமே இல்ல, இதெல்லாம் ஆர்பிஐ, கம்பெனி சட்டம்னு மத்திய அரசு சமாச்சாரம்னு ஃபைனான்ஸ்காரங்க தரப்புல வாதம் போச்சு. மகாராஷ்டிரா சட்டத்த பாம்பே ஹைகோர்ட் ரத்தே பண்ணிடுச்சு. ஆனா நம்ம சட்டத்த சென்னை ஹைகோர்ட் செல்லும்னு சொல்லி, அது சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயி, 2011ல கே.கே.பாஸ்கரன் வழக்குல இது செல்லும்னு முடிவாச்சு. சாதாரண சட்ட வழியில போனா டெபாசிட் போட்ட ஏழை நடுத்தர ஜனங்களுக்குக் காசு கிடைக்காது, அதுக்குத்தான் இப்படி ஒரு சட்டம் வேணும்ங்கறதுதான் அந்தத் தீர்ப்போட சாரம். எனக்கும் அதுதான் சரின்னு தோணுது. ஊர் காச வாங்கி தொழில் பண்றவன் நஷ்டத்த மட்டும் ஊர் தலையில இறக்கிட்டுப் போறது எப்படி நியாயம்?

சரி, யார் இந்த நிறுவனம்? இங்கதான் ஜனங்க ஏமாறுவாங்க. பெரிய கண்ணாடி பில்டிங்கு, ஏசி, ரிசப்ஷன் இருந்தாத்தான் கம்பெனின்னு நெனைக்கறாங்க. சட்டத்துல தனி ஆள், நாலு பேர் சேர்ந்த குழு, கூட்டாளி ஃபர்ம், பதிவு பண்ண கம்பெனி எல்லாமே அடங்கும், டெபாசிட் வாங்கறத தொழிலா பண்ணினு இருக்கணும், அதான் நிபந்தனை. வங்கிகளும், அரசாங்கக் கட்டுப்பாட்டுல இருக்கற கூட்டுறவு சங்கங்களும் இதுல வராது. ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போற ஒரு அக்கா கூட வேலை செய்யறவங்ககிட்ட வாராவாரம் 200 ரூபா வசூல் பண்ணி தீபாவளிக்கு அரைப் பவுன் காசும் ஸ்வீட் பாக்ஸும் தர்றேன்னு சீட்டு நடத்தறாங்கன்னு வெச்சுக்கலாம். டெபாசிட்ங்கறது மொத்தமாவும் இருக்கலாம் தவணையாவும் இருக்கலாம், திருப்பித் தர்றது காசாவும் இருக்கலாம் பொருளாவும் இருக்கலாம், அதனால இதுவும் உள்ள வர வாய்ப்பு இருக்கு. நூறு பேர் இருநூறு பேர்னு ஆயி, வருஷா வருஷம் தொழிலாவே நடந்து, ஒரு தீபாவளிக்கு அக்கா வீட்டப் பூட்டிட்டு கெளம்பிட்டா, எங்களது சின்ன சீட்டுதாங்கன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனா அந்த அக்காவே தன் ஃப்ரெண்டுகிட்ட புள்ளைக்கு ஃபீஸ் கட்ட 20,000 கடன் வாங்கித் தரலன்னா அது டெபாசிட் இல்ல, வெறும் கடன். ஆள் ஒண்ணுதான், வாங்கின விதம் வேற.

ஏலச்சீட்டு இன்னொரு வகை, அதுக்கு 1982 சிட் ஃபண்ட்ஸ் சட்டம் தனியா இருக்கு. பதிவு பண்ண சீட்டுன்னா தகராறு சீட்டுப் பதிவாளர்கிட்ட போகும். நகைக் கடை சேமிப்புத் திட்டம் ஏன் பெரும்பாலான கடையில 11 மாசத்துலயே முடியுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? கம்பெனிகள் பொருளுக்கு வாங்கற அட்வான்ஸ 365 நாளுக்குள்ள பொருளா குடுத்துட்டா அது டெபாசிட் கணக்குல வராதுன்னு கம்பெனி டெபாசிட் பத்தின 2014 விதிகள்ல இருக்கு, அதுக்குத்தான்.

இப்போ கம்பெனி விஷயம், கொஞ்சம் நிதானமா படிங்க. கம்பெனிங்கறது சட்டத்துக்கு ஒரு ஆள் மாதிரி, அது பேர்ல சொத்து வாங்கலாம், கேஸ் போடலாம், அது மேலயும் கேஸ் போடலாம். ஆனா அத பிடிச்சு வேலூர் ஜெயில்ல எப்படி அடைக்கறது? கட்டாயம் ஜெயில் தண்டனைன்னு எழுதியிருக்கற குற்றத்துக்கு கம்பெனி மேல வழக்கே போட முடியாதுன்னு ஒரு காலத்துல வாதாடினாங்க. 2005ல ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் பேங்க் வழக்குல சுப்ரீம் கோர்ட் அத ஒத்துக்கல, அடைக்க முடியாதுன்னா அபராதம் போடு, அதுக்காக வழக்கே வேணாம்னு விட முடியாதுன்னு சொல்லிடுச்சு. அப்போ கம்பெனி மேல குற்றம் போடலாம், அது தீர்ந்துச்சு. ஆனா அபராதம் போட்டு யாருக்கு இன்னா லாபம், காசே காலியான கம்பெனிகிட்ட ஒரு லட்சம் அபராதம் கேட்டா இன்னா, கேக்காட்டா இன்னா. நெஜமா பயம் வரணும்னா உள்ள இருக்கற ஆளுங்கள பிடிக்கணும்.

அதுல ஒரு தடை இருக்கு. கம்பெனி குற்றம் பண்ணுச்சுன்னா டைரக்டரும் தானா குற்றவாளி ஆயிட மாட்டார், சட்டத்துல அப்படித் தனியா எழுதியிருக்கணும், இல்ல அவர் நேரடியா பண்ணார்னு ஆதாரம் வேணும்னு 2015ல சுனில் பாரதி மிட்டல் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அந்தத் தடைய நம்ம டிஎன்பிஐடி 5ஆம் பிரிவு தாண்டிடுது, நிர்வாகப் பொறுப்புல இருக்கற ஒவ்வொருத்தரும்னு நேராவே எழுதியிருக்காங்க. அதனால வழக்குல சண்ட முழுக்க இந்த "பொறுப்பு" மேலதான் நடக்கும். மேனேஜிங் டைரக்டர் தப்பிக்க முடியாது. கையெழுத்து மட்டும் போட்ட அவர் சம்சாரம்? பேருக்கு டைரக்டரா போட்ட மச்சான்? அவங்க நிர்வாகத்துல என்ன பண்ணாங்க, பேங்க் அக்கவுன்ட்ல கையெழுத்து அதிகாரம் இருந்துச்சா, மீட்டிங்ல உக்காந்தாங்களான்னு பாப்பாங்க. சம்பளத்துக்கு ரசீது எழுதிக் குடுத்த பொண்ணு நிர்வாகப் பொறுப்புல இருந்தாங்கன்னு சொல்றது கஷ்டம், பிராஞ்ச் மேனேஜர் விஷயம் நடுவுல தொங்கும். புகார் குடுக்கும்போது "கம்பெனி ஏமாத்திடுச்சு"ன்னு மொட்டையா எழுதாம, யார் பேசினாங்க, யார் வாக்கு குடுத்தாங்க, யார் பாண்டுல கையெழுத்து போட்டாங்கன்னு பேரு பேரா எழுதுங்கன்னு சொல்றது இதுக்காகத்தான்.

2019ல மத்திய அரசும் ஒண்ணு கொண்டு வந்துச்சு, முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டம், சுருக்கமா பட்ஸ். இது இன்னும் ஒரு படி முன்னாடி போகுது. டிஎன்பிஐடியில தர வேண்டிய நாள்ல தராததுதான் குற்றம், பட்ஸ்ல அனுமதி இல்லாத திட்டத்துல காசு வாங்கறதே குற்றம், ஒழுங்கா வட்டி குடுத்துனு இருந்தாலும் குற்றம்தான். திட்டத்துக்கு ஆள் சேர்க்க விளம்பரம் பண்ணா ஒரு வருஷத்துலேர்ந்து அஞ்சு வருஷம், காசு வாங்கினா ரெண்டுலேர்ந்து ஏழு, வாங்கி மோசடியா தராம விட்டா மூணுலேர்ந்து பத்து வருஷம், அதோட அபராதம் 5 லட்சத்துல ஆரம்பிச்சு வசூல் பண்ண மொத்தத் தொகையோட ரெண்டு மடங்கு வரைக்கும் போகும். இங்க பாருங்க, இந்தக் கடைசிதுல "மோசடியா"ங்கற வார்த்தை இருக்கு, டிஎன்பிஐடியில இல்ல. அதனால தமிழ்நாட்டு வழக்குகள்ல ரெண்டு சட்டத்தயும் பழைய 420யையும் சேர்த்தே போடறாங்க, ஒண்ணு நழுவினா இன்னொண்ணு நிக்கும்னு.

பழைய வட ஆற்காட்டுல, அதாவது இப்போ வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைன்னு நாலா பிரிஞ்சு கெடக்கற இந்தப் பக்கம், இதெல்லாம் புத்தக விஷயம் இல்லன்னு உங்களுக்கே தெரியும். 2022ல ஆருத்ரா வழக்கு வந்துச்சு, சென்னை கம்பெனின்னாலும் ஆரணி பக்கம் நிறைய பேர் போட்டிருந்தாங்க, ஒரு லட்சம் பேர்கிட்ட சுமார் 2,438 கோடி வசூல்னு போலீஸ் தரப்பு சொல்லுது, லட்ச ரூபாய்க்கு மாசம் 30,000 வரைக்கும் தர்றேன்னு சொல்லி வாங்கினதா குற்றச்சாட்டு. அதே வருஷம் வேலூரயே தலைமையிடமா வெச்சு நடந்த ஐஎஃப்எஸ் நிறுவனத்து மேலயும் வழக்கு வந்துச்சு, ஆயிரக்கணக்கான கோடின்னு கணக்கு. ஆர்பிஐ அனுமதியோட டெபாசிட் வாங்கற ஃபைனான்ஸ் கம்பெனியே வருஷத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல வட்டி தரக்கூடாதுன்னு உச்சவரம்பு இருக்கு. ஒருத்தர் வருஷத்துக்குத் தர முடியாதத இன்னொருத்தர் மாசாமாசம் எப்படித் தருவார்? இந்த ஒரு கணக்கு போட்டாலே போதும், ஆனா கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரங்க இருக்கற பக்கத்துல பென்ஷன் பணம் மொத்தமா கைக்கு வர்ற நேரம் பாத்து, கூட சர்வீஸ் பண்ணவரே வந்து "நானும் போட்டிருக்கேன்பா, மாசாமாசம் வருது"ன்னு சொன்னா யாருக்குக் கணக்கு போடத் தோணும்.

அந்த "கூட சர்வீஸ் பண்ணவர்" பத்தியும் சொல்லணும், ஏன்னா இங்க காசு கம்பெனி கவுன்டர்ல போடறத விட தெரிஞ்சவங்க மூலமா போறதுதான் அதிகம், வாத்தியார், எல்ஐசி ஏஜென்ட், சங்கத்துக்காரர், சொந்த சித்தப்பா. அவங்க பாதிப்பேர் தானும் ஏமாந்தவங்க. பொய்யின்னு தெரிஞ்சே வாக்கு குடுத்து ஆள் சேர்த்தா பட்ஸ் சட்டத்துல அதுவும் தனிக் குற்றம், ஒரு வருஷத்துலேர்ந்து அஞ்சு வருஷம், 10 லட்சம் வரைக்கும் அபராதம். தெரியாமத்தான் சேர்த்தேன்னு சொல்லலாம், ஆனா அவர் அக்கவுன்ட்ல மாசாமாசம் கமிஷன் ஏறியிருந்தா அந்தப் பேச்சு எடுபடறது கஷ்டம். வெறும் டெபாசிட் போட்டவங்க மேல இந்த ரெண்டு சட்டத்துலயும் குற்றம் கிடையாது, அதனால "நானும் மாட்டிப்பேனோ"ன்னு பயந்து புகார் குடுக்காம இருக்காதீங்க.

ஜெயில் ஒரு பக்கம், காசு இன்னொரு பக்கம். டிஎன்பிஐடியில எனக்குப் பிடிச்சது சொத்து முடக்கறதுதான். கம்பெனி திருப்பித் தரலன்னு தெரிஞ்சா அரசு ஆணை போட்டு கம்பெனி சொத்த முடக்கலாம், அது பத்தலன்னா டைரக்டர், மேனேஜர், புரமோட்டர் சொந்தச் சொத்தயும் முடக்கலாம். தப்பிக்கறதுக்காக மச்சினன் பேர்ல மாத்தி வெச்ச நிலத்த பத்தியும் தனிப் பிரிவு இருக்கு, கெட்ட எண்ணத்தோட கைமாறின சொத்துன்னா அதுக்கு ஈடா வாங்கினவர் சொத்த எடுக்கலாம். முடக்கின சொத்த நிர்வாகம் பண்றதுக்கு டிஆர்ஓ, அதாவது மாவட்ட வருவாய் அலுவலர். அவர் சிறப்பு நீதிமன்றத்துல மனு போட்டு, கோர்ட் உறுதி பண்ணி, ஏலம் விட்டு, வர்ற காச டெபாசிட் போட்டவங்களுக்கு அவங்கவங்க தொகைக்குத் தக்க பிரிச்சுக் குடுக்கணும். சிறப்பு நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவைன்னு இருக்கு, நம்ம பக்கத்து கேஸ் சென்னைக்குப் போகும். சொல்லும்போது ஒரே மூச்சுல சொல்லிட்டேன், நடக்கும்போது வருஷங்கள் ஓடும், வில்லங்கம் இருக்கும், பேங்க் கடன் இருக்கும், இது என் சொத்துன்னு மூணாம் ஆள் வந்து நிப்பார். முழுக் காசும் வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நடுவுல "கேஸ வாபஸ் வாங்குங்க, செட்டில் பண்ணிடறோம்"னு தூது வரும். காசக் கட்டி சமரசம் பண்ணிக்க சட்டத்துலயே வழி இருக்கு, கேஸ் கோர்ட்டுக்குப் போகறதுக்கு முன்னாடி அந்த டிஆர்ஓ மூலமாவும், போன பிறகு கோர்ட் அனுமதியோடயும். அதனால சமரசமே தப்புன்னு சொல்ல வரல. ஆனா ஒரிஜினல் பாண்ட வாங்கினு "புது பாண்டு தர்றோம், ஆறு மாசம் டைம் குடுங்க"ன்னு சொன்னா கொடுத்துடாதீங்க, பழைய பாண்டுல இருக்கற தேதிதான் உங்க கேஸே.

புகார் பொருளாதாரக் குற்றப் பிரிவுல குடுக்கணும், சுருக்கமா இஓடபிள்யூ. லோக்கல் ஸ்டேஷன்ல சிவில் மேட்டர்னு திருப்பி அனுப்பினா "சார் இது கைமாத்து இல்ல, டெபாசிட், டிஎன்பிஐடியில வரும்"னு சொல்லிட்டு இங்க போங்க. பாண்டு, ரசீது, பாஸ்புக் பக்கம், ஜிபே அனுப்பின விவரம், வாட்சப்புல வந்த திட்ட நோட்டீஸ், மீட்டிங் ஃபோட்டோ எல்லாத்தயும் ஒரு செட் நகல் எடுத்து வெச்சுக்குங்க, ஒரிஜினல் உங்க கையிலயே இருக்கட்டும். கையில எதுவும் இல்லாம கேஷா குடுத்தவங்க, கூட இருந்தவங்க சாட்சியயும் அந்த நாள்ல பேங்க்ல எடுத்த காசோட என்ட்ரியயும் வெச்சு முயற்சி பண்ணலாம், கொஞ்சம் பலவீனம்தான்.

கம்பெனி செக் குடுத்திருந்தா மட்டும் இஓடபிள்யூ பாத்துக்கும்னு சும்மா இருக்காதீங்க, ஏன்னா அதுக்குத் தனிக் கடிகாரம் ஓடும். செக் திரும்பி வந்துச்சுன்னு பேங்க் சொன்ன நாள்லேர்ந்து 30 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், நோட்டீஸ் கெடைச்ச 15 நாள்ல அவங்க காசு தரலன்னா அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல புகார் போடணும். செக் கேஸ்னு எல்லாரும் சொல்ற 138 அதுதான், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், செக் தொகையில ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம். டிஎன்பிஐடி கேஸ் ஒரு பக்கம் ஓடினு இருந்தாலும் இத தனியா போடலாம்.